பன்னிரண்டடி தள்ளி நின்ற கல்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு, அண்ணன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது.

நீ கேட்ட வருஷம் எனக்கு எண்ணாகத் தெரியாது. பெரிய பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து, ஊரே ஆறு மாசம் படகில் ஆபீஸ் போன வருஷம் அது. பஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்று டெப்போ வாசலில் மூன்று பஸ்ஸைக் கொளுத்தியதும் அதே வருஷம்தான். நம் அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதும் அப்போதுதான். அந்த வருஷம்தான் உங்கள் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எல்லைக்கல் நட்டோம். உன் கல்யாணம் அதற்கு அடுத்த வருஷம்.

சர்வேயர் மாப்பிள்ளை. அப்போது அவர் நமக்கு மாப்பிள்ளை ஆகவில்லை, எனக்கு மேலதிகாரி, அவ்வளவுதான். நான் முன் சங்கிலி. அளக்கிற சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன். பின் முனைக்கு இன்னொருவன், நெட்டையன் என்று கூப்பிடுவோம். ரோடு எண்பதடி. குழி தோண்டி, அடியில் ஒரு கூடை கரி கொட்டி, அதன்மேல்தான் கல்லை நிறுத்துவோம். கல்லை நாளைக்கு எவனாவது பிடுங்கி வேறு இடத்தில் நட்டாலும் கரி போட்ட இடத்திலேயே கிடக்கும். மண்ணில் கரி மக்காது. ஆபீஸ் படத்தில் இதைக் குறிக்க மாட்டார்கள். போட்டவனுக்குத்தான் தெரியும்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை? நான் சௌக்கியம். காதுதான் போன தடவையைவிட இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டது. அதனால் போன் வேண்டாம், எழுது.

அண்ணன்

*

பிப்ரவரி 20

அண்ணாவுக்கு வணக்கம்.

மருமகள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கு முழங்கால் வலிதான், மற்றபடி குறையில்லை.

எதற்கென்று கேட்டீர்கள். எங்கள் ரோட்டின் தலைக்கு மேலே தூண் நட்டு, பஸ் மட்டும் போகிற மேல்பாதை போடப் போகிறார்களாம். போன வாரம் வந்து என் முன்னறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வரிசையில் முப்பத்தொரு வீட்டுக்கும் அதே குறி. நாங்கள் எல்லாரும் ரோட்டில் பன்னிரண்டடி உள்ளே வந்து கட்டியிருக்கிறோமாம். ஆக்கிரமிப்பாம். அதனால் நஷ்ட ஈடு கிடையாது, மாற்று வீடும் கிடையாது, தொண்ணூறு நாள் கெடு. எதிர்ப்பக்கத்து மூணு மாடிக் கடைக்கட்டடத்துக்கு ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. அது தடிமரம் விற்ற மரவாடிக்காரருடையது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது மகன் பார்க்கிறான்.

என் முற்றத்தில் ஒரு எல்லைக்கல் இருக்கிறதே, நான் துணி துவைக்கிற கல், அதைத்தான் அளவாகக் காட்டுகிறார்கள். மூன்றாம் வீட்டுக் கணக்கு வாத்தியார் கமிட்டி ஆரம்பித்திருக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் நேரில் வந்தார். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த வீட்டு மேல கை வைக்கணும்னா என் மேல இடிக்கிற மிஷினை ஏத்தட்டும்"னு சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது இப்போது.

கமிட்டிக்காரர்கள் என் வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாகப் போட்டு முனையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். 'அளவு தவறாத சர்வேயர் வாழ்ந்த வீடே ஆக்கிரமிப்பா?' என்று கீழே எழுத்து. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அந்தக் கல் முதலிலிருந்தே அங்கேதான் இருந்ததா? உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். அப்போது நான் புதுசாக வந்தவள்.

தங்கை

*

மார்ச் 8

தங்கச்சிக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கடையில் விற்கிற எண்ணெய் எல்லாம் வாசனைதான்.

துவைக்கிற கல்லுக்கு அடியில் தோண்டச் சொல். கல்லைப் பெயர்த்தபின் முழங்கை ஆழம் போதும். கரி இருந்தால் கல் ஆதியிலிருந்தே அங்கே நின்றது. இல்லாவிட்டால் பிறகு வந்து நின்றது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

தலைவர்களுக்கு இனிமேல் ஸ்டூல் போடு.

அண்ணன்

(அத்தை, நான் மருமகள். மாமா இதற்குமேல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். 'எழுதட்டுமா' என்றேன். 'வேண்டாம், முடிச்சிடு' என்றார். நீங்கள் நல்லா இருக்கிறீர்களா?)

*

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு.

எல்லாரும் சுகம்தானே. இங்கே கல்லைப் பெயர்த்துப் பார்த்தாயிற்று. வாத்தியார் முன்னால் நின்றார், இரண்டு ஆட்கள் தோண்டினார்கள். இடுப்பளவு போயும் கரி இல்லை. மண்ணும் ஒரு சோடா மூடியும்தான். வாத்தியார் அந்த மூடியைக்கூடப் பையில் போட்டுக்கொண்டார், சாட்சியமாம்.

இன்ஜினீயரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். இங்கே இல்லை என்பது மட்டும் போதாதாம். வேறு எங்கே இருக்கிறது என்று காட்டினால் பார்க்கலாம் என்றாராம். எங்கள் வீட்டுச் சுவரோரம் தோண்டினால் கிடைக்காதா என்று கேட்டதற்கு, அங்கேதான் சாக்கடை வெட்டியிருக்கிறார்களே, இருந்தாலும் என்றோ அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்றாராம்.

இதற்குள் தேர்தல் வந்துவிட்டது. வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மிஷின்கள் முனையில் வரிசையாக நிற்கின்றன, பூனைகள் குட்டி போட்டிருக்கின்றன. மரவாடிக்காரர் மகன்கூட வீடு வீடாக வந்து, நானும் உங்கள் பக்கம்தான் என்றான். எந்தப் பக்கம் என்று வாத்தியார் கேட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

வேறு எங்கே என்பது உங்களுக்குத் தெரியுமா அண்ணா?

தங்கை

*

ஏப்ரல் 21

தங்கச்சிக்கு.

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசு வரவில்லை.

இந்த ரோட்டுக்கு நான் பார்க்க இது நாலாவது திட்டம். முதலில் டிராம் போகும் என்றார்கள், தண்டவாளம் வந்து இறங்கித் துருப்பிடித்து எடைக்குப் போயிற்று. அப்புறம் சுரங்கப்பாதை என்று ஒரு குழி தோண்டினார்கள். அதில் மூன்று வருஷம் மழைத்தண்ணீர் நின்றது, தவளைகளுக்குத்தான் பயன்பட்டது. அப்புறம் சைக்கிளுக்குத் தனிப்பாதை என்று பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள், அதில் லாரிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி ஆதரவு, ஒரு கட்சி எதிர்ப்பு, அடுத்த தடவை இடம் மாறி நிற்பார்கள். சங்கிலி பிடித்தவனுக்கு இரண்டு பேர் முகமும் ஒன்றுதான், வெயிலில் நிற்கிறவன் நாம்.

தேர்தல் முடியட்டும். ஒருவேளை கைவிட்டாலும் விடுவார்கள். கைவிட்டால் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

அண்ணன்

*

ஜூன் 10

அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பு எப்படி? மருமகள் எழுதவே இல்லையே. இங்கே தூசியில் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

என் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் ஜெயித்தார். வெடி போட்டோம். பதினாறாம் நாள் புது போர்டு வந்தது. பழைய போர்டு நீலம், இது ஆரஞ்சு. திட்டத்தின் பெயரை மாற்றியிருக்கிறார், மேல்பாதை அதேதான், பெருக்கல் குறியும் அதேதான். வாத்தியாரும் நாலு பேரும் போய்ப் பார்த்தார்கள். "அப்ப எனக்கு முழு விவரம் தெரியாது சார்"னாராம். பாவம், நிஜமாகவே தெரிந்திருக்காது என்று வாத்தியார் சொல்கிறார். அவருக்கு யாரையும் திட்ட வராது. நாற்காலிக்கு ஆணி அடித்துக் கொடுத்தார்.

ஜூலை ஒன்பதாம் தேதி கடைசி விசாரணை. நகராட்சிக் கூடத்தில். யாருக்கு என்ன தெரியுமோ வந்து சொல்லலாம். அதற்குப்பின் மிஷின்தான்.

இந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு கூரை கிடையாது. பிள்ளைகள் இல்லாதவள் நான், உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் வீட்டில் வந்து ஒண்டிக்கொள்ளலாம்தான். மருமகள் முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் பத்தடி அறையில் எத்தனை பேர்.

வந்து சொல்லுங்கள் அண்ணா. கேட்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

தங்கை

*

ஜூன் 22

தங்கச்சிக்கு.

இருமலுக்கு டாக்டரைப் பார். வெறும் தூசி என்று விடாதே.

வேறு எங்கே என்று கேட்டாய். எதிர்ப்பக்கத்துக் கடைக்கட்டடத்தில் ஒரு சலூன் இருக்கிறதே, வாசலிலிருந்து பன்னிரண்டடி உள்ளே போனால், இரண்டாவது நாற்காலிக்குக் கீழே கரி இருக்கும். அந்தப் பக்கத்துக் கல் ஆதியில் நின்ற இடம் அதுதான். மரவாடிக்காரர் பன்னிரண்டடி ரோட்டுக்குள் வந்து கட்டடத்தை எழுப்பினார். அது தெரியாமலிருக்க இரண்டு பக்கத்துக் கல்லையும் உங்கள் பக்கமாகப் பன்னிரண்டடி தள்ளி நட்டார்கள். எப்படி அளந்தாலும் எண்பது வரும். உள்ளே வந்தவன் வெளியே நிற்பான், வெளியே நிற்கிறவர்கள் உள்ளே வந்தவர்கள் ஆவார்கள்.

யாரோ நகர்த்தினார்கள். ஒன்பதாம் தேதி வருகிறேன்.

ஒன்று செய். முனையில் கட்டியிருக்கிற மாப்பிள்ளை படத்தை இறக்கச் சொல். காற்றில் கிழிந்து தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது.

அண்ணன்

*

ஜூலை 1

அண்ணாவுக்கு.

நலம். படம் கிழியவில்லை. கமிட்டிக்காரர்கள் இறக்க மாட்டேன் என்கிறார்கள், அவர் முகம்தான் எங்கள் பலம் என்கிறார்கள். புது மாலைகூடப் போட்டுவிட்டார்கள்.

நீங்கள் வருவது சந்தோஷம். கூடத்துக்கு நான் வர மாட்டேன். மாடிப்படி நாற்பது, முழங்கால் ஒத்துழைக்காது. சமைத்து வைக்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு.

நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்கத்தான் வேண்டும். சேர்ந்திருப்பீர்கள்.

வீட்டு வாசல் வரை வந்துவிட்டு ஏறாமல் போனீர்கள். சமைத்தது இரண்டு நாள் இருந்தது.

கூடத்தில் நடந்ததை வாத்தியார் சொன்னார். கல்லை நகர்த்தியது நான்தான் என்றீர்களாம், கடப்பாறை பிடித்தது இந்தக் கைதான் என்று நீட்டிக் காட்டினீர்களாம். யார் சொல்லி என்று அதிகாரி கேட்டதற்கு, சர்வேயர் சொல்லி என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். யாரோ என்று எனக்கு எழுதத் தெரிந்ததே, அதையே அங்கேயும் சொல்லியிருக்கலாமே. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லுவாரா?

அன்று சாயங்காலமே பேனரை இறக்கிவிட்டார்கள். நாலாக மடித்து என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், மாலையோடு. யாரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீர்க் குழாயில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

இவ்வளவும் ஆகி, பலனும் இல்லை. கட்டடத்து வக்கீல், வீட்டுக்காரியின் கூடப்பிறந்தவன் சொல்வதை வைத்துக் கடையின் தரையை உடைப்பதா என்று கேட்டாராம். நேரில் பார்த்த இன்னொரு ஆள், யாராக இருந்தாலும், வந்து சொன்னால்தான் உடைத்துப் பார்ப்போம் என்று அதிகாரி முடித்துவிட்டார். ஆகஸ்ட் இருபத்தெட்டு வரை நேரம். செத்தவர்களை எங்கே போய்த் தேடுவது என்று வாத்தியார் கையை விரித்துவிட்டார்.

பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருக்கிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு, அண்ணன்.

கையெழுத்து வேறாக இருக்கும். மருமகளிடம் இதைச் சொல்ல முடியவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு நம் குடும்பத்தைத் தெரியாது. அவர் காதில் விழுந்தால் பரவாயில்லை. இருமல் நின்றதா?

வாசல் வரை வந்தேன். நீ உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. உன் முகத்தைப் பார்த்தால், கூடத்தில் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுவேன் என்று பயந்து திரும்பிவிட்டேன்.

மாப்பிள்ளை பெயரை ஏன் சொன்னாய் என்கிறாய். கூடத்தில் உன்னைத் தவிர முப்பது வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அளவு தவறாத மனுஷன் என்று அவர் பேரில் நம்பிக்கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி ஆள் ஒருத்தன் தன் இஷ்டத்துக்கு நாலு கல்லைப் பிடுங்கி நட்டேன் என்றால் எந்த முட்டாள் நம்புவான்? உண்மையைப் பாதி சொன்னால் வீடும் போகும், பேரும் போகும்.

அவரை நான் குறை சொல்லவில்லை. மரவாடிக்காரர் அப்போது வார்டு மெம்பர். கல்லைத் தள்ளி நடாவிட்டால் மலைப்பக்கம் மாற்றிவிடுவேன் என்றார். குடும்பத்தோடு போக முடியாத இடம் அது. உனக்குக் கல்யாணமாகி நாலு மாசம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார் மனுஷன். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "கல்லைத்தான் நகர்த்தறோம் மச்சான், கரியைத் தொடலை. என்னைக்கு வேணும்னாலும் நேராக்கிடலாம்"னார். என் தங்கச்சி வாழ்க்கை என்று நானும் கடப்பாறையை எடுத்தேன். இருபது வருஷம் கழித்து, அந்தக் கல் நிற்கிற வீட்டையே தேடி வாங்கினாரே, எதற்கு என்று நினைக்கிறாய்? கல் கண்ணெதிரே இருக்கட்டும், வேளை வரும்போது நேராக்கலாம் என்றுதான். மண்ணுக்கடியில் தன் கணக்கு சரியாக இருக்கிறது என்று கடைசி வரை நம்பினார். காகிதம் வைத்துக்கொண்டு வேறு ஆள் வருவான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அதிகாரி என்னைக் கேட்டார், "அன்னைக்கு அங்க யார் யாரு இருந்தாங்க பெரியவரே?" எண்ணிச் சொன்னேன். மரவாடிக்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், அவர் ரத்தக்கொதிப்பில் போனார். அவருடைய கொத்தனார் ஒருவன், சாரம் சரிந்து போனான். மாப்பிள்ளை போய் ஒன்பது வருஷம். நெட்டையன் வந்தான், விஷயம் தெரிந்ததும், "இதுக்கு நான் ஆள் இல்லை"ன்னு சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனும் போன மழையில் போனான். எல்லாம் எழுதிக்கொண்டார். அவ்வளவுதானா என்று கேட்டார். காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு.

அவர் கேட்காத ஒன்று இருக்கிறது. பின் சங்கிலிக்காரன் போய்விட்டால் எப்படி அளப்பது? ஒரு ஆளாகச் சங்கிலி பிடிக்க முடியாது. சர்வே தெரிந்தவன் யாராவது கூடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பான்.

நீ எழுதின கடிதங்களை எல்லாம் மருமகளை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். கல் எங்கே இருந்தது என்று கேட்டாய், கரி எங்கே என்று கேட்டாய். யார் நகர்த்தினது என்று ஒரு வரி கேட்கவில்லை. நான் வந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாய். அதில் தப்பில்லை. கட்டினவருக்கு எதிராக நீ எப்படி முதலில் வாயைத் திறப்பாய்? இப்போது நான் திறந்துவிட்டேன். இனி அவர் பேரில் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வீடுதான் மிச்சம், முப்பது வீடு, உன்னுடையதையும் சேர்த்தால் முப்பத்தொன்று.

கல்லை நகர்த்தின அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் குடை கொண்டுவந்தாய், மழை தூறிக்கொண்டிருந்தது. பச்சைப் புடவை. "சும்மா இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, அசையாதே"ன்னு அவர் உன் கையில் பின் முனையைக் கொடுத்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய். மூன்றாவது கல்லை நடும்போது சிரிப்பை நிறுத்திவிட்டாய். குடையை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன்.

நான் பெயரைச் சொல்ல மாட்டேன். இருபத்தெட்டாம் தேதியும் சொல்ல மாட்டேன், என்னை அடித்துக் கேட்டாலும். படி நாற்பது என்றாய். நான் வந்து ஒவ்வொரு படியாகக் கைபிடித்து ஏற்றுகிறேன், வேண்டாம் என்றால் கீழேயே உட்கார்ந்துகொள்ளலாம். அந்த அதிகாரியிடம் இன்னொரு ஆள் இல்லை என்று மட்டும் வாத்தியாரை எழுதிக் கொடுக்க விடாதே. அன்று அந்த ரோட்டில் நின்றவர்களில், என்னைத் தவிர்த்தால், இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.